உயிரோடு இருந்த சாம்பார்

பழவேற்காட்டில் என் ஐஸ் இல்லாமல் இறால் பொன்னேரி வரைக்கும்கூடப் போனதில்லை. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன், திரும்பவில்லை. ஒரு கூடையில் ஆரம்பித்து ஐஸ் கூடம் கட்டினவன் நான். அப்படிப்பட்ட நான் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவர். வேண்டுமென்று அல்ல. அவர் எதையும் வேண்டுமென்று செய்ததில்லை, எல்லாவற்றையும் யோசித்துச் செய்தார். அதுதான் சங்கடம்.

எண்பதுகளின் நடுவில் சனிக்கிழமை மத்தியானம் வருகிற பஸ்ஸிலிருந்து அவர் இறங்குவார். ஒல்லி ஆள். முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா, கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு. அந்தக் காகிதம் விட்டுவிட்டுப் பச்சைக் கோடு போட்டு, இரண்டு ஓரத்திலும் ஓட்டை வைத்து, முடிவே இல்லாமல் மடிந்து மடிந்து வரும். கருவாடு விற்கிற பெண்கள் பொட்டலம் கட்ட அதன்மேல் எப்போதும் கண் வைத்திருப்பார்கள். ஊருக்குள் பழைய வியாபாரக் குடும்பம் அவருடையது. பெரிய கதவு வைத்த வீடு. வீட்டில் எல்லாரும் வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் படித்துவிட்டுப் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் இருந்தார். ஊரார் கம்ப்யூட்டர் பாய் என்பார்கள். எனக்கு வெறும் பாய். அவருக்கு நான் ஐஸ்காரர்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. எதைப் பார்த்தாலும் விரலை நீட்டிக் கேட்பார்: "இது உசுரோட இருக்கா, செத்துப்போச்சா?"

எங்கள் ஊரில் இதை மீனைப் பார்த்துக் கேட்பார்கள். அவர் குடையைப் பார்த்துக் கேட்டார்.

முதல் தடவை என் ஐஸ் கூடத்தில் ஒரு சாக்கைப் பார்த்து அப்படிக் கேட்டபோது, நான் சாக்கைத் தூக்கி உள்ளே நண்டு கிண்டு இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து மணலில் குச்சியால் கட்டம் போட ஆரம்பித்தார்.

"மனுஷன் எழுதுறது மெஷினுக்குப் புரியாது, ஐஸ்காரரே. அதை மெஷின் பேச்சுக்கு மாத்துறதுக்கு ஒரு புரோகிராம். கம்பைலர்னு பேரு. அதுலே ஒரு மூலையிலே எனக்கு வேலை."

"இன்னா மூலை?"

"மெஷினுக்குக் கை கம்மி. ரெஜிஸ்டர்னு சொல்வோம். எட்டுதான் இருக்கு. பிடிக்க வேண்டிய சாமான் நாப்பது. எந்தச் சாமானை எப்பக் கீழே போட்டுட்டு அந்தக் கையை அடுத்ததுக்குக் குடுக்கலாம்னு பாக்கிறவன் நான்."

"கீழ போட்ட அப்பால வேணும்னா?"

அவர் முகம் பூத்துவிட்டது. பட்டணத்தில் ஒருவரும் அவரிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

"அதான் வேலையே! அதுக்குத்தான் கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு வேலை. இங்கேர்ந்து எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் ஒரு அம்பு. எந்த அம்பு வழியா போனாலும் இனி ஒருத்தனும் அந்தச் சாமானைத் தொடமாட்டான்னா, அது செத்துப்போச்சு. ஏதோ ஒரு வழியிலே ஒரே ஒருத்தன் தொடுவான்னாலும், அது உசுரோட இருக்கு. உசுரோட இருக்கிறதைக் கீழே போட்டா நான் கொலைகாரன்."

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு வாத்தியார் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் அந்த வேலையைப் பட்டணத்தில் விட்டுவிட்டு வரமாட்டார், ஊருக்குக் கொண்டு வந்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய உம்மா உள்ளே தொழுகையில் இருக்கும்போது, வாசலில் கிடந்த உம்மாவின் செருப்பைப் பார்த்தார். தொழுது முடிக்க நேரம் ஆகும், அதுவரைக்கும் அந்தச் செருப்பை யாரும் தொடப்போவதில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மீன்காரம்மா சுடுமணலில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போக, "இதைப் போட்டுக்குங்க, அந்தத் தெருமுனை வரைக்கும்" என்று கொடுத்துவிட்டார். தெருமுனை வரைக்கும் என்பது அவருடைய படத்தில் இருந்தது. மீன்காரம்மாவின் படத்தில் இல்லை. அந்தச் செருப்பு திருப்பாலைவனம் வரைக்கும் மீன் விற்றுவிட்டு மூன்றாம் நாள் வீடு வந்து சேர்ந்தது. உம்மா என்னிடம் சொன்னார்: "என் புள்ளைக்குப் படிப்பு தலைக்கு மேல ஏறிடுச்சுப்பா. கொஞ்சம் எறக்கி விடேன்."

இறக்குவதா? டீக்கடையில் ஒரு நாள் கண்ணாடித் தம்ளர்களுக்குத் தட்டுப்பாடு. பெஞ்சில் ஒரு கிழவர் தம்ளரைப் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தார். தம்ளரில் இரண்டு மடக்கு டீ. பாய் அவர்முன் குனிந்து, தம்ளரைக் காட்டித்தான், கடைக்காரரிடம் கேட்டார்: "இது உசுரோட இருக்கா, செத்துப்போச்சா?"

கிழவர் கண்ணைத் திறந்தார்.

"எவன்டா அவன், என்னையப் பாத்து கேக்கறது?"

பக்கத்தில் படகு தள்ளுகிற கழி சாய்த்து வைத்திருந்தது. படகுத்துறை வரைக்கும் துரத்தினார். எழுபது வயசுக்கு அந்த ஓட்டம் பெரிய விஷயம். அதற்குப் பாய்தான் காரணம் என்று நான் பிற்பாடு கிழவரிடம் எடுத்துச் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸிலும் இதே வேலைதான். ஏறினதும் நடுவில் நின்றுகொண்டு, "திருப்பாலைவனத்துல எறங்குறவங்க கையைத் தூக்குங்க" என்பார். யார் எங்கே இறங்குகிறார்கள் என்று குறித்து, எந்தச் சீட் எப்போது காலியாகும், அதில் யார் உட்காரலாம் என்று அம்பு போட்டு, எல்லாரையும் இடம் மாற்றுவார். கத்திரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மா இரண்டு தடவை மாறி உட்கார்ந்தார். கடைசியில் திருப்பாலைவனம் வந்தது. அந்த அம்மா இறங்கவில்லை.

"இங்கதானே எறங்குறேன்னு சொன்னீங்க?"

"ஜன்னலாண்ட குந்தணும்னு அப்படி சொன்னேன்பா. நான் பழவேற்காடு போவணும்."

அந்தச் சீட்டுக்குக் காத்திருந்த பாய் கடைசி வரை நின்றுகொண்டே வந்தார். "ஜனங்க பொய் சொல்வாங்கன்னு என் படத்துல எடம் விடலை" என்று என்னிடம் ரொம்ப வருத்தப்பட்டார்.

இத்தனையும் தெரிந்து நீ ஏன் அவர் கையில் உன் கல்யாணத்தைக் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என்னிடம் அப்போது நாலே நாலு ஐஸ் பெட்டி. கரைக்கு வருகிற சரக்கோ பலவகை. வெள்ளை இறால், கறுப்பு இறால், நண்டு, மடவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளும் வருவது ஒவ்வொரு நேரம். பாய் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, எது எப்போது வரும், எது எப்போது போகும் என்று கட்டம் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க ஒரு இறால்கூடக் கெடவில்லை. நாலு பெட்டியை வைத்து எட்டுப் பெட்டிக்காரனைப் போல நடந்தேன். நான் இல்லாமல் அந்தப் படத்தால் ஒன்றும் ஆகியிருக்காதுதான். ஆனாலும் படம் அவருடையது.

அதே சமயம் அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. "நம்ம கம்பைலர்ல ஒரு பேய் இருக்கு ஐஸ்காரரே. மெஷின் முதல் சுத்துல கணக்கைச் சரியா போடுது. அதே வேலையைத் திரும்ப ரெண்டாவது சுத்து செய்யச் சொன்னா உளறுது. மூணு மாசமா தேடுறேன், கெடைக்கலை." சொல்லும்போது காகிதக் கட்டின்மேல் கையை வைத்துக்கொள்வார், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

என் கல்யாணம் பழவேற்காட்டை ஒட்டின எங்கள் கோட்டைக்குப்பத்தில். பெண்ணுக்கு ஊர் தோணிரேவு. எங்களில் பெண்ணை முதல் நாளே மாப்பிள்ளை ஊருக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அன்று மத்தியானம் விருந்து, மறுநாள் காலையில் தாலி. தினமும் மீன் தின்கிற ஜனத்துக்குக் கல்யாணத்தில் சாம்பார் வைத்தால்தான் விசேஷம். எங்களிடம் பெரிய பாத்திரம் இல்லை. பாய் வீட்டில் பிரியாணி போடுகிற டேக்ஸா நாலு இருந்தது. உம்மா மகிழ்ச்சியாகக் கொடுத்தார். டேக்ஸாவோடு பாயும் வந்தார்.

பொன்னேரியிலிருந்து வந்த சமையல்காரர் டேக்ஸாக்களை எண்ணிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏழு இல்லாம அடுப்ப பத்தவைக்க மாட்டேன்."

"நாலு போதும்" என்றார் பாய்.

"நீ சமைச்சுகீறியா பாய்?"

"சமைக்கிறது உங்க வேலை. எது எப்ப சாவுதுன்னு பாக்கிறது என் வேலை."

என் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "கல்யாண ஊட்ல இன்னா பேச்சுப்பா இது!"

பாய் பச்சைக்கோட்டுக் காகிதத்தில் படம் போட்டுப் பந்தல் காலில் குத்தினார். முதல் டேக்ஸாவில் சோறு. இரண்டாவதில் சாம்பார். மூன்றாவதில் ரசம். நாலாவதில் பாயசம். சாம்பார் ஊற்றி முடித்து ரசம் கிளம்பினதும் சாம்பார் செத்துப்போச்சு, அந்த டேக்ஸாவைக் கழுவி மோர் கரைக்கலாம். ரசம் ஊற்றி முடித்ததும் ரசமும் செத்துப்போச்சு, அந்த டேக்ஸாவில் கை கழுவத் தண்ணீர். நைனா, அதாவது என் அப்பா, படத்தை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "எவ்வளவு சுத்தமா கீது!" என்றார். நானும் பார்த்தேன். ஐஸ் பெட்டிப் படம் மாதிரியே இருந்தது. சரி என்றேன். மாப்பிள்ளை சரி என்றால் சரிதானே.

பெண்வீட்டார் மூன்று படகில் வந்து இறங்கினார்கள். முன்னால் பெண்ணின் தாய்மாமன். தோணிரேவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மீசை இரண்டு பக்கமும் துடுப்புப் போல நிற்கும். அவருக்கு ஒரு வழக்கம். தன் ஜனம் அத்தனையும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தன் கை இலையில் படவேண்டும், அது கௌரவம். ஆகவே முதல் பந்தியில் அவர் உட்காரவில்லை. வரிசை வரிசையாக நடந்து, "நல்லா துண்ணுங்க, நல்லா துண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நலங்குக்காக மணையில் உட்கார்ந்திருந்தேன். முகமெல்லாம் மஞ்சள், எழுந்திருக்கக் கூடாது. ஆனாலும் பந்தலின் அந்தப் பக்கம் நடந்தது எனக்குக் கேட்டது.

"பாய், சாம்பார் பாதி டேக்ஸா மிச்சம் கீது."

"ரசம் கிளம்பிடுச்சா?"

"கிளம்பிச்சு."

"அப்ப அது செத்துப்போச்சு. காலி பண்ணுங்க."

"நல்லா யோசிச்சுக்கோ பாய்."

"படத்துல இல்லாததைப் பேசாதீங்க."

"சரிதான். நமக்கு இன்னா வந்துது" என்றார் சமையல்காரர். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் பந்தி ஜோராக முடிந்தது. நாலு டேக்ஸாவில் ஒரு பந்தி! பாய் படத்தின் அடிக்கட்டத்தில் வேலை முடிந்தது என்று ஒரு சுழி போட்டார்.

அப்புறம் புது இலை விழுந்தது. தாய்மாமன் நடுவில் வந்து உட்கார்ந்தார். சோறு வந்தது. மீசையை ஒதுக்கிக்கொண்டு சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தார். பரிமாறுகிறவன் உள்ளே போனான், வெளியே வந்தான், உள்ளே போனான். கடைசியில் வேறு வழியில்லாமல் இருந்ததைக் கொண்டு வந்து குழியில் ஊற்றினான்.

மோர்.

எங்கள் பக்கம் மோர் ஊற்றினால் சாப்பாடு முடிந்தது, எழுந்து போ என்று அர்த்தம். உட்கார்ந்ததும் ஊற்றினால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மோரில் கொஞ்சம் பெருங்காய வாசனையும் இருந்ததாம்.

தாய்மாமன் இலையை மூடாமல் எழுந்தார்.

"நான் குந்தறதுக்கு முன்னாடியே என்னை எழுந்து போவ சொல்றான் உங்க மாப்ள. தோ போறேன். பொண்ண இட்டாங்கடா! படகுல ஏறுங்கடா!"

எத்தனை சரக்கு கைவிட்டுப் போயிருக்கிறது, நான் கலங்கினதில்லை. அந்தப் பெண்ணை அதற்கு முன்னால் மூன்று தடவைதான் பார்த்திருந்தேன். நாலாவது தடவை பார்க்காமலே போய்விடுவேனோ என்று நினைத்தபோது, மணை, மஞ்சள் எதையும் பார்க்காமல் எழுந்து ஓடினேன். என் பின்னால் நைனா, அவர் பின்னால் அம்மா, அம்மா பின்னால் ஊர்.

பாய் எங்கே என்று கேட்கிறீர்களா? படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடியும் சாம்பாரா? மறுபடி முதல்லேர்ந்தா?" என்று சமையல்காரரைக் கேட்டார்.

"பந்தின்னா அப்படித்தான் பாய். ஒரு கூட்டம் எழுந்தா இன்னொரு கூட்டம் குந்தும். அதுங்களுக்கும் வாய் கீதே?"

"எங்க வீட்டுல எத்தனை பந்தி உக்காந்தாலும் பிரியாணி ஒண்ணுதானே... எது முதல்ல, எது அப்புறம்னு எனக்கு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, கல்யாண வீடு கொலை வீடு ஆகிக்கொண்டிருக்கும்போது, சந்தோஷத்தில் கத்தினார்: "அம்பு மேலே போவுது! கடைசிக் கட்டத்துலேர்ந்து முதல் கட்டத்துக்கு ஒரு அம்பு! யா அல்லாஹ், மூணு மாசமா அதை விட்டுட்டேனே!"

பேனாவை எடுத்து அடியிலிருந்து உச்சிக்கு ஒரு பெரிய அம்பு போட்டார். காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு தாய்மாமனிடமே ஓடிவந்தார்.

இங்கே தாய்மாமன் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆனால் அது கடல் வடிகிற நேரம், ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. படகு சேற்றில் குந்திக்கொண்டது. நாலு பேர் தள்ளினார்கள், அசையவில்லை. கோபித்துக்கொண்டு ஏறினவர் இறங்கவும் முடியாமல், போகவும் முடியாமல், நேராகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே" என்று பாய் சேற்றில் முட்டி வரைக்கும் இறங்கினார். "நீங்க செய்த உதவியை நான் மறக்கவே மாட்டேன். பாருங்க, மேலேர்ந்து கீழே பாத்தா சாம்பார் செத்துப்போச்சு. ஆனா இந்த அம்பு வழியா மேலே வந்தா, நீங்க உக்காந்துகினு இருக்கீங்க! அப்ப சாம்பார் உசுரோட இருக்கு! நான்தான் கொன்னுட்டேன்!"

தாய்மாமன் என்னைப் பார்த்தார். "யார்ரா இவன்?"

நான் என்ன சொல்வது? "டேக்ஸாக்காரர் மாமா" என்றேன்.

அப்போதுதான் பெண்கள் கூட்டம் கரைக்கு வந்தது. பெண்ணைப் படகில் ஏற்ற அழைத்து வருகிறார்கள் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். பெண்தான் முன்னால் வந்தாள். தலையில் பூ, இடுப்பில் ஒரு அலுமினிய அன்னக்கூடை. பின்னால் வந்த நாலு பெண்களிடமும் ஆளுக்கு ஒன்று. எல்லாம் என் ஐஸ் கூடத்து அன்னக்கூடைகள். இறால் அள்ளுகிற பாத்திரங்கள்.

அவளைத் தங்க வைத்திருந்த வீடு சமையல் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாதி டேக்ஸா சாம்பாரைக் கொட்டப்போவதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பெண்களை அனுப்பி என் கூடத்திலிருந்து கையில் கிடைத்ததை எடுத்துவரச் சொல்லி, டேக்ஸா கழுவப் போனவர்களிடமிருந்து அத்தனையையும் அதில் வாங்கி உள்ளே வைத்திருக்கிறாள், பரிமாறுகிறவனுக்கு அது தெரியவில்லை.

"குந்து மாமா" என்றாள். "இலைய இங்கியே போடறேன்."

படகின் குறுக்குப் பலகையில் இலை விழுந்தது. சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. தாய்மாமன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். நிறுத்தினார். இன்னொன்று வைத்தார். மீசை மெதுவாக இறங்கியது.

"இன்னா சாம்பார்டா இது! எந்த கல்யாணத்துலயும் இப்படி ஒரு வாசனைய நான் பாத்ததில்ல. இன்னாத்தடா போட்டீங்க?"

சமையல்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். மூன்று வருஷமாக வெள்ளை இறால் ஊறின அன்னக்கூடை அது. எத்தனை கழுவினாலும் போகாது. எங்கள் ஜனத்துக்கு அப்படிப்பட்ட சாம்பார்தான் சாம்பார். தண்ணீர் ஏறும்வரை படகிலேயே உட்கார்ந்து மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர் ஏறினபோது இறங்கி, பந்தலில் போய்ப் படுத்துக்கொண்டார். ஊர் முழுக்க அவளைப் பாராட்டினார்கள். பாத்திரம் யாருடையது என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பாய் மட்டும் பெண்ணிடம் போய்க் கேட்டார். "எப்படிம்மா தெரிஞ்சுது, அது உசுரோட இருக்குன்னு?"

"எங்க மாமா இன்னும் துண்ணலியே."

பாய் அதைக் காகித ஓரத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் பட்டணம் போய்விட்டார். தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. சாப்பிடவுமில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. கம்பைலரில் இருந்த பேய் ஓடிவிட்டதாம். அவர் எழுதினது கட்டங்களை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்திருக்கிறது, மேலே திரும்புகிற அம்பைக் கணக்கில் எடுக்கவில்லை. "இப்ப சுத்திச் சுத்திப் பாக்குது ஐஸ்காரரே. ஒரு சுத்துல எதுவும் மாறலைன்னாத்தான் நிறுத்தும்." காகிதத்தில் ஒரு வரியைக் காட்டினார். மெஷின் படிக்காத, மனுஷனுக்கு மட்டும் எழுதுகிற குறிப்பாம் அது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. "இன்னா போட்டுகீது?" என்றேன். "எங்க மாமா இன்னும் துண்ணலியே" என்று படித்துக் காட்டினார்.

நடந்தது என் கல்யாணம், ஊறினது என் அன்னக்கூடை. எழுதினதோ அவள் சொன்னதை. போகட்டும்.

அதற்குப் பிறகு அவர் ஆள் தலைகீழாக மாறிவிட்டார். எதையும் கீழே வைக்கமாட்டார். டீ குடித்து முடித்த வெறும் தம்ளரைப் பிடித்துக்கொண்டே நிற்பார். "குடுய்யா, கழுவணும்" என்று கடைக்காரர் பிடுங்கினால், "இருங்க, இன்னொரு சுத்து பாத்துடறேன்" என்பார். உம்மாவின் அறுந்த செருப்பைக்கூட எறிய விடவில்லை. அந்த நாலு டேக்ஸாவையும் நான் திருப்பிக் கொண்டுபோனபோது மூன்றைத்தான் வாங்கிக்கொண்டார். "ஒண்ணு உங்க வீட்டுல இருக்கட்டும், மறுபடி பந்தி வரும்" என்றார். பிறகு கம்பெனி அவரை எங்கேயோ தூர ஊருக்கு அனுப்பியது. உம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். டேக்ஸா என்னிடமே இருக்கிறது. பந்தியும் நிறைய வந்தது, நான்தான் போட்டேன், ஊருக்கே தெரியும்.

நானும் இப்போது எங்கள் வீட்டில் கடைசியாகத்தான் சாப்பிட உட்காருகிறேன். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. என்மேல் கோபம் இருந்தால் அவள் சோற்றைப் போட்டுவிட்டு நேராக மோரை ஊற்றுவாள். நான் எழுந்திருக்கமாட்டேன். எந்தப் பக்கம் தப்பு செய்தேன் என்று காலையிலிருந்து ஒரு சுத்து, மறுபடி ஒரு சுத்து யோசித்துப் பார்ப்பேன்.

"சாம்பார் செத்துப்போச்சா?" என்று கேட்பேன்.

"உசுரோடதான் கீது" என்பாள் உள்ளேயிருந்து. "எழுந்து வந்து ஊத்திக்கோ."